சுரைக்காய் கசந்தால் சொல்ல விடுங்கள்

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு ஒன்றின் அட்மின்களுக்குத் திறந்த மடல்

அட்மின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

இதைக் குழுவிலேயே எழுதியிருப்பேன். போன வாரச் சண்டைக்குப் பிறகு 'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று பூட்டிவிட்டீர்கள். தனித்தனியாக அனுப்பினால் ஆளுக்கொரு பதில் வரும், இல்லையென்றால் ஒரு கும்பிடு பொம்மையோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் பொதுவில் எழுதுகிறேன். குழுவின் பெயரைச் சொல்லவில்லை, ஆட்களின் பெயரையும் சொல்லவில்லை. பள்ளித் தோழர்கள் குழு, அடுக்குமாடிக் குடியிருப்போர் குழு, சொந்தக்காரர்கள் குழு என்று எதில் இருப்பவர் படித்தாலும் தங்கள் குழுவைத்தான் திட்டுகிறேன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

நடந்தது இதுதான். தைப்பட்டத்துக்குப் பகிர்ந்த சுரை விதையைப் போட்டு, பந்தல் கட்டி, முதல் காயைப் பறித்துக் கூட்டு வைத்த ஒரு தம்பி குழுவில் கேட்டார்: "காய் கசக்கிறது. இதே விதை வாங்கிய வேறு யாருக்காவது கசந்ததா?" அவ்வளவுதான் கேள்வி. விதை கொடுத்த அம்மா உடனே எழுதினார்: "எங்கள் வீட்டில் இதே காய் தேன் மாதிரி இருந்தது. என் விதையைக் குறை சொல்ல வேண்டாம்." அப்புறம் வழக்கம்போலத்தான். ஓசியில் வாங்கிவிட்டுக் குறை சொல்கிறார் என்று ஒருவர். பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இன்னொருவர். தண்ணீர் ஒழுங்காக ஊற்றினீர்களா என்று மூன்றாமவர். நீங்கள் தம்பியின் கேள்வியை அழித்தீர்கள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னீர்கள். அவர் கேட்காமல் வெளியேறினார். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து அடித்துக்கொண்டதும் குழுவைப் பூட்டினீர்கள்.

இதில் யாருக்கு எவ்வளவு மனம் நொந்தது என்று எல்லோரும் அளந்து பார்த்தோம். சுரைக்காய் ஏன் கசந்தது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

கசக்கும் சுரைக்காய் ருசிப் பிரச்சினை இல்லை. அது விஷம். வெள்ளரி, சுரை, பீர்க்கு, பூசணி குடும்பத்துச் செடிகள் பூச்சிகளிடமிருந்தும் ஆடுமாடுகளிடமிருந்தும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளை வைத்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கசப்பில்லாத காயாகப் பார்த்து விதை எடுத்து வந்ததால்தான் நாம் சாப்பிடும் ரகங்களில் அது மிகக் குறைவாக இருக்கிறது. கசக்கும் காயில் அது மிகுந்திருக்கும். சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். அதை முறிக்க மருந்து கிடையாது. வந்த உபாதைக்குத்தான் வைத்தியம் பார்க்க முடியும். உடம்புக்கு நல்லது என்று சுரைக்காய்ச் சாறு குடித்துச் செத்தவர்கள் இந்தியாவில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே ஒரு நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, முடிவுகளை 2012இல் வெளியிட்டது. சாறு எடுப்பதற்கு முன் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கிப் போடுங்கள் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான அறிவுரை.

அதாவது அந்தத் தம்பி கேட்டது இந்த வருடத்தில் குழுவில் வந்த கேள்விகளிலேயே அவசரமானது. அதே விதை எத்தனை வீட்டுக்குப் போனது என்பது விதை கொடுத்த அம்மாவுக்கும் பட்டியல் வைத்திருக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அவர்களில் யாராவது காலையில் வெறும் வயிற்றில் சாறு குடிக்கிறவராக இருந்தால்? அந்தக் கேள்வியைத்தான் 'மனம் புண்படும்படி இருக்கிறது' என்று அழித்தோம்.

இன்னொரு விஷயம். இந்தச் சண்டையில் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள். சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வெள்ளைப் பூ சாயங்காலம் மலரும், அந்திப்பூச்சிகள் இரவில் வந்து மகரந்தம் கொண்டு சேர்க்கும். பக்கத்துக் காலி மனையில் பேய்ச்சுரை என்னும் கசப்புச் சுரை ஒன்று படர்ந்திருந்தால் அதன் மகரந்தமும் வந்து சேரும். அப்படிச் சேர்ந்தாலும் அந்த அம்மா வீட்டுக் கொடியில் காய்த்த காய் கசக்காது, ஏனென்றால் காயின் சதை தாய்க்கொடியினுடையது. கலப்பு விதைக்குள்தான் இருக்கும். அந்த விதையை இன்னொருவர் ஊன்றி வளர்த்து, அதில் காய்த்த காயைக் கடித்துப் பார்க்கும்போதுதான் வெளியே வரும். அம்மா வீட்டில் தேன். தம்பி வீட்டில் கசப்பு. இரண்டும் நிஜம். கலப்பில்லாத விதை வேண்டுமென்றால் சாயங்காலம் மலரப் போகும் பெண் மொட்டை முன்கூட்டியே துணிப் பையால் கட்டி வைத்து, அதே ரகத்து ஆண் பூவை நாமே கொண்டுவந்து தொட்டுவிட்டு, மறுபடி கட்டி, அந்தக் காயை அடையாளம் போட்டு முற்றவிட வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் குழுவில் குறைந்தது நாலு பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எந்தக் கட்சி என்று கேட்டிருப்போம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் இல்லாத வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு வரும் 'குட் நைட்' ரோஜாப்பூவையும் விடிகாலை வரும் பிள்ளையாரையும் அழித்துக்கொண்டிருப்பது லேசு இல்லை. எது வந்தாலும் நீங்கள் முதலில் கேட்கும் கேள்விதான் தவறு என்கிறேன். 'யார் மனசு கஷ்டப்பட்டது?' என்று கேட்கிறீர்கள். 'சொன்னது சரியா, தேவையா?' என்று கேட்பதில்லை.

நம் குழுவில் எதற்கெல்லாம் மனசு கஷ்டப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் பயமும் வரும். முதல் கத்தரிக்காய்ப் படத்துக்கு ஒருவரும் இதயம் போடவில்லை என்று ஒருவர் பேச்சை நிறுத்தினார். நாற்பது வயதுக்காரரை ஒரு கல்லூரிப் பெண் 'அங்கிள்' என்று கூப்பிட்டதற்கு மூன்று நாள் விளக்கம் நடந்தது. தன்னைவிட இளையவரை ஒருவர் 'அக்கா' என்று அழைத்ததற்கு, அழைக்கப்பட்டவர் பிறந்த வருடத்தையே போட்டுப் பதில் சொன்னார். செடிக்கு ஊற்றும் மீன் அமிலத்தின் செய்முறையை நீளமாக எழுதியதற்கு வெறும் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டியவர் திமிர் பிடித்தவர் ஆனார். செடிக்குத் தெளிக்கும் தேமோர் கரைசலை முதலில் குழுவில் சொன்னது நான்தான், என் பெயரைப் போடாமல் பகிர்கிறார்கள் என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஊரே அறிந்த கரைசல் அது, தேங்காய்ப்பாலுக்கும் மோருக்கும் உரிமை கொண்டாட நாம் யார்? நீலக் குறி விழுந்தும் பதில் போடவில்லை என்று ஒரு வருத்தம். பதில் போட்டும் 'ங்க' சேர்க்கவில்லை என்று ஒரு வருத்தம். 'அசுவினி'ப் பூச்சியை 'அஸ்வினி' என்று எழுதியதைத் திருத்தியவரிடம், தமிழ் வாத்தியார் வேலைக்கு வேறு இடம் பாருங்கள் என்றார்கள்.

இவையெல்லாம் தானாக ஆறிப்போகும் ரகம். ஆறாதவை சில உண்டு. அவைதான் தோட்டத்தைக் கெடுப்பவை.

இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்த விதைகளை 'பாட்டி காலத்து நாட்டு விதை' என்று ஒருவர் படம் போட்டாரே, நினைவிருக்கிறதா? கடை விதையில் பூஞ்சாணம் வராமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள், அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சாயம் என்று ஓர் அண்ணன் பொறுமையாகச் சொன்னார். தொட்டால் கை கழுவ வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். பதிலுக்கு வந்தது, "அப்போ நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?" அவர் பொய் சொல்லவில்லை. யாரோ கொடுத்ததை நம்பி வாங்கியிருக்கிறார். ஆனால் அந்த அண்ணன் அதற்குப் பிறகு எந்த விதைப் படத்துக்கும் கருத்துச் சொல்வதில்லை.

'நாட்டு' என்றாலே நமக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பெரியகுளம் 1 தக்காளி ஒரு நல்ல உதாரணம். அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய ரகம் அது. நம் பாட்டி வைத்திருந்த விதையும் இல்லை, வீரிய ஒட்டும் (ஹைப்ரிட்) இல்லை. விதை எடுத்து மறுபடி போடலாம், தாய்ச்செடி போலவே வரும். வீரிய ஒட்டில் எடுத்த விதையைப் போட்டால் ஒரு செடி உயரமாக, ஒன்று குட்டையாக, காய் ஆளுக்கொரு வடிவமாக வரும். இந்த வித்தியாசம் தெரிந்தால் புதிதாக வருகிறவருக்கு ஒரு பட்டத்து உழைப்பு மிச்சம். ஆனால் 'இது நாட்டு இல்லை, வெளியிட்ட ரகம்' என்று சொன்னால் அதை ஏதோ குடும்பத்தையே சொன்ன மாதிரி எடுத்துக்கொள்கிறோம். சொன்னவர் படித்த திமிரில் பேசுகிறார் என்கிறோம். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாவது முறை அவர் சொல்லமாட்டார். நானாக இருந்தாலும் சொல்லமாட்டேன்.

எழுத்தில் பேசுவதே வம்பு என்பது வேறு. இது வாட்ஸ்அப் வந்த பிறகு வந்த நோய் இல்லை. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறையினர் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் மின்பலகை ஒன்று வைத்திருந்தார்கள். லிஃப்ட் அறுந்து விழும்போது உள்ளே ஒரு துளி பாதரசம் இருந்தால் என்ன ஆகும் என்று ஓர் இயற்பியல் புதிர் ஓடியது. ஒருவர் வேடிக்கையாக, லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது, ஜாக்கிரதை என்று எழுத, சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். இனிமேல் வேடிக்கை என்றால் ஓர் அடையாளம் போட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாய்ந்து சிரிக்கும் முகம் ஒன்றைச் சொன்னார். இன்று நம் கைபேசியில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொம்மைகளின் மூத்த அண்ணன்களில் அதுவும் ஒன்று. படித்த கணினி ஆட்களே எழுத்தில் வேடிக்கையைப் பிரித்தறிய முடியாமல் திண்டாடியிருக்கிறார்கள். நாமெல்லாம் எம்மாத்திரம். அவர்களுக்குச் சிரிப்பு பொம்மை தீர்வாக வந்தது. நமக்கோ அதுவே நக்கலாகச் சிரிக்கிறான் என்ற புதுப் புகாராக வந்து நிற்கிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அளந்தே பார்த்துவிட்டது. மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் கொடுத்து, சிலவற்றை நிஜமாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் சொல்லச் சொன்னார்கள், சிலரை மின்னஞ்சலில், சிலரைக் குரலில். எதிரே இருப்பவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று இரண்டு தரப்பினருமே நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56தான். நிஜமா, கிண்டலா என்ற இரண்டில் ஒன்றைக் காசு சுண்டிப் போட்டுச் சொன்னாலே ஐம்பது வரும். அதாவது, நாம் தட்டச்சு செய்ததை மனசுக்குள் நம் குரலில் கேட்கிறோம், படிக்கிறவருக்கு அந்தக் குரல் போய்ச் சேர்வதில்லை. அவர் தன் மனநிலைக்கு ஏற்ற குரலைப் போட்டுப் படித்துக்கொள்கிறார். "கசந்ததா?" என்ற ஒரு சொல்லை அந்த அம்மா எந்தக் குரலில் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது, தம்பியின் குரலில் இல்லை என்று மட்டும் தெரியும். தம்பியிடம் தொலைபேசியில் பேசினேன், ஆள் பரம சாது. கூட்டில் கூடுதலாக வெல்லம் போட்டும் பார்த்தாராம். நல்லவேளை, பாதி சாப்பிடாமல் கொட்டிவிட்டார்கள்.

அதற்காக அந்த அம்மாவின் வருத்தம் போலி என்று சொல்ல வரவில்லை. முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டு, உடைத்து, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, பத்துப் பத்தாக எண்ணிக் காகிதத்தில் மடித்து, மேலே பெயர் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிறார். காசு வாங்குவதில்லை. குழுவில் இப்படிக் கொடுக்கிறவர்களுக்குக் கிடைக்கும் கூலி ஒன்றே ஒன்றுதான், நாலு பேர் 'அம்மா விதையில் வந்தது' என்று படம் போடுவது. அந்த இடத்தில் 'கசக்கிறது' என்று வந்தால் சுருக்கென்றுதான் இருக்கும். இருக்கட்டும். வலி நிஜம் என்பதால் எதிரே இருப்பவர் குற்றம் செய்தார் என்று ஆகிவிடாது. நம் குழுவில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ஒருவர் 'எனக்கு வருத்தம்' என்று எழுதிய உடனே இன்னொருவர் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று ஆகிவிட்டது. யார் முதலில் வருத்தப்படுகிறாரோ அவர் ஜெயித்தார்.

கல்யாண வீட்டில் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பாவை வாசலில் சரியாக வரவேற்கவில்லை, முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விவரம் தெரிந்த மாமா ஒருவர் போய்த் தோளில் கை போட்டு, ஓரமாக அழைத்துப் போய், காபி கொடுத்து, அவர் சொல்வதையெல்லாம் கேட்டு, பந்தியில் கொண்டுவந்து உட்கார வைப்பார். மேடையில் மைக்கைப் பிடித்து, 'பெரியப்பாவை வரவேற்காத இன்னார் உடனே வந்து மன்னிப்புக் கேட்கவும்' என்று யாரும் அறிவிப்பதில்லை. நீங்கள் செய்தது அதைத்தான். முந்நூறு பேர் பார்க்கும் இடத்தில் மன்னிப்புக் கேள் என்றால் நியாயமானவனும் கேட்கமாட்டான். கேட்டால் சுரைக்காய் கசக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

சென்ற வருடம் இதே குழுவில் ஒரு தக்காளிச் செடி விவகாரத்தில் 'சைபர் கிரைமில் புகார் கொடுப்பேன்' என்று ஒருவர் மிரட்டியதும் நினைவுக்கு வருகிறது. அன்றிலிருந்து உங்களுக்கும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது, 'கேஸ் ஆனால் அட்மினைத்தானே பிடிப்பார்கள்' என்று. அந்தப் பயத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஒருவருக்கு எரிச்சல் ஊட்டினாலே, சிரமம் கொடுத்தாலே மூன்று வருடம் வரை உள்ளே தள்ளலாம் என்று வளைக்க இடம் கொடுத்த ஒரு சட்டப்பிரிவு இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஃபேஸ்புக் பதிவு போட்ட ஓர் இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட அவர் தோழியையும் கைது செய்தார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்று தூக்கி எறிந்துவிட்டது. எரிச்சல் என்பது ஆளுக்கு ஆள் மாறுவது, அதை வைத்துக் குற்றத்தை அளக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. அட்மின் பொறுப்பைப் பற்றியும் நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன. உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்கு, அவரோடு சேர்ந்து திட்டம் போடாத வரை, அட்மின் குற்றப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று 2021இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னது. 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் அதே வழியில் தீர்ப்பளித்தது. ஆக, ஒரு சுரைக்காய்க் கேள்வியை விட்டுவைத்ததற்காக உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

வெளியேறியவரைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் குழுவை விட்டுப் போனால் 'இன்னார் வெளியேறினார்' என்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் வாட்ஸ்அப் அதை மாற்றியது. இப்போது அட்மின்களுக்கு மட்டும்தான் தகவல் வரும். கோபித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம், அதனால்தான் அவர்கள் ஒரு பக்கத்துக்குப் பிரியாவிடை எழுதிவிட்டு, நாலு பேர் 'போகாதீங்க' என்று சொல்லும் வரை காத்திருந்து, பிறகு போவதில்லை. உண்மையிலேயே போகிறவர்கள் சத்தமில்லாமல் போகிறார்கள். உங்களுக்கு வந்த அந்தத் தகவல்களைப் புரட்டிப் பாருங்கள், இந்த ஒரு வருடத்தில் போனவர்கள் யார் என்று. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்காமல் அடித்தால் எண்ணெய் தனியாக மிதக்கும் என்று சொல்லிக்கொடுத்தவர் போய்விட்டார். தென்னை நார்க்கழிவைப் பலமுறை அலசி உப்பு நீக்காமல் பையில் போடாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டவரும் போய்விட்டார். இருக்கிறவர்கள் 'சூப்பர்', 'அருமை', 'வாழ்த்துகள்'. நானும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் பத்திரம்.

விளைவு என்னவென்றால் குழுவில் இப்போது வருவதெல்லாம் அழகான அறுவடைத் தட்டுகள். பூச்சி விழுந்த இலை இல்லை, வெம்பிய பீர்க்கை இல்லை, கருகிய நாற்று இல்லை. புதிதாக நாலு பை வாங்கி வைத்த ஒரு பெண் அதையெல்லாம் பார்த்துவிட்டுத் தனக்கு மட்டும்தான் செடி வளர்க்க வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். என்னிடம் ஒருவர் அப்படியே சொன்னார், மாடியில் காலிப் பைகளைக் காட்டி.

சரி, எதற்குமே வருத்தப்படக் கூடாதா? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வருத்தப்பட வேண்டிய விஷயங்கள் நம் குழுவில் நடந்தன, அப்போதெல்லாம் நீங்கள் அசையவில்லை. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். செம்பருத்தி படம் போட்ட ஒரு தங்கைக்கு இதே குழுவைச் சேர்ந்த ஒருவர் ராத்திரியில் தனியாக 'ஹாய்' அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தத் தங்கை உங்களிடம் சொன்னபோது, "சின்ன விஷயம், பிளாக் பண்ணிடுங்கம்மா" என்றீர்கள். அந்த ஆள் இன்னும் குழுவில் இருக்கிறார், அன்றாடம் பொன்மொழி போடுகிறார். இன்னொரு முறை, மாட்டுச் சாணம் எங்கே கிடைக்கும் என்று கேட்ட ஒருவரிடம் 'உங்க ஆளுங்க தெருவிலேயே கிடைக்குமே' என்று ஒருவர் எழுதினார். என்ன அர்த்தத்தில் எழுதினார் என்று படித்த அத்தனை பேருக்கும் தெரியும். அன்றைக்கு அழித்தல் இல்லை, மன்னிப்பு இல்லை, பூட்டு இல்லை. 'அரசியல் வேண்டாம், தோட்டம் மட்டும் பேசுவோம்' என்று பொதுவாக ஒரு வரி போட்டு நகர்ந்தீர்கள். கேட்டவர் சாணம் எங்கே வாங்கினார் என்று தெரியவில்லை, அதற்குப் பிறகு குழுவில் அவர் எதுவும் கேட்கவில்லை.

'அங்கிள்' என்றதற்கு மூன்று நாள் பஞ்சாயத்து, இதற்கு ஒரு வரி. அற்பத்துக்கெல்லாம் கூடிக் கூடித் தீர்ப்புச் சொல்லிச் சோர்ந்துபோனதால்தான் உண்மையான காயம் வரும்போது நமக்கு அதை அடையாளம் காணத் தெம்பில்லை என்று நினைக்கிறேன். சத்தமாக அழுகிறவர் பக்கம்தான் ஓடுகிறோம். வசதியும் வயசும் பழக்கமும் உள்ளவர்களுக்குத்தான் குழுவில் சத்தமாக அழ வருகிறது.

ஆடிப்பட்ட விதைப் பகிர்வு தொடங்கப் போகிறது. அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. பூட்டைத் திறந்துவிடுங்கள். அந்தத் தம்பியைத் திரும்பச் சேருங்கள், குழுவில் எழுதி அழைக்காமல் உங்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டால் போதும். விதை கொடுத்த அம்மா வீட்டுக்கு யாராவது நேரில் போய்வந்தால் நல்லது. போகிறவர் அவர் மாடியைச் சுற்றிப் பார்த்து, பூவுக்குப் பை கட்டும் முறையையும் கையோடு காட்டிவிட்டு வரலாம். தைப்பட்டத்தில் அந்தச் சுரை விதை யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்குத் தனித்தனியாகத் தகவல் சொல்ல வேண்டும், இது இன்றைக்கே. 'ஹாய்' அனுப்புகிறவரை நீக்குங்கள், இதற்குக் கூட்டம் போட்டு விவாதிக்க ஒன்றுமில்லை. சாணம் விஷயத்தில் எழுதியவருக்கும் அதேதான். மற்றபடி யார் யாரை எப்படிக் கூப்பிட்டார், யார் படத்துக்கு யார் இதயம் போடவில்லை என்று வரும் புகார்களை உங்களிடம் கொண்டு வந்தால், சம்பந்தப்பட்டவர் எண்ணைக் கொடுத்துப் பேசிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். காய், விதை, மருந்து பற்றி ஒருவர் 'இது தவறு' என்று சொன்னால் அதை அழிக்காதீர்கள். அவர் சொன்னதே தவறாக இருந்தால் அடுத்தவர் வந்து திருத்துவார்.

அப்புறம், சுரை, பீர்க்கு, வெள்ளரி எதுவானாலும் சமைக்கும் முன் ஒரு துண்டு நுனிநாக்கில் வைத்துப் பார்க்கவும், கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் கொட்டிவிடவும், கொடியையும் பிடுங்கிவிடவும், அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம் என்று நாலு வரிச் செய்தி ஒன்றைக் குழுவின் மேலே பின் செய்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் பின் செய்தது அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். அறுவடை முடியும் வரை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும். இந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். போட மனமில்லையென்றால் குழுவைத் திறந்தாவது விடுங்கள், நானே போடுகிறேன். அழித்தால் மறுபடியும் போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் பல காலமாக 'அருமை' மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர்